'கிரப் ரெஸ்க்யூ' என்று திரை நின்றுவிட்டதா? பார்மட் செய்ய வேண்டாம்!

2025 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணி இருக்கும். மன்னார்குடியிலிருந்து என் சித்தி மகன் போன் செய்தான்.

"அண்ணா, லேப்டாப் ஆன் ஆகுது. ஆனா விண்டோஸும் வரலை, லினக்ஸும் வரலை. கறுப்புத் திரையில ரெண்டு மூணு வரி மட்டும் நிக்குது. கடையில கொண்டுபோய்க் காட்டினேன். ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செஞ்சு புதுசா விண்டோஸ் போடணும், அறுநூறு ரூபாய் ஆகும்னு சொல்றாங்க. போட்டுடச் சொல்லவா?"

"வேண்டாம்டா! யாரையும் தொடவே விடாதே" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பதறியதற்குக் காரணம் உண்டு. சித்தி ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநர். 14 பேருடைய சேமிப்பு, கடன், வட்டி எல்லாவற்றையும் அவர்தான் எழுதுகிறார். பழைய கணக்கெல்லாம் நோட்டில் இருக்கிறது. ஆனால் கடைசி 11 மாதக் கணக்கு அந்த லேப்டாப்பின் லினக்ஸ் பக்கத்தில், லிப்ரே ஆபீஸ் பைல் ஒன்றில் மட்டும்தான் இருந்தது. அதற்கு நகல் கிடையாது. திங்கட்கிழமை காலை அதைப் பிரிண்ட் எடுத்து வங்கிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது காரணம், இதற்கெல்லாம் மூலகாரணம் நான்தான். அன்று காலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது, "டி டிரைவ்ல இடமே இல்லைண்ணா" என்று தம்பி கேட்டான். "ஈ டிரைவ் காலியாத்தானே இருக்கு? டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் அதை டெலீட் பண்ணிட்டு, அந்த இடத்தை டி-யோட சேர்த்துடு. அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அவன் சொன்னபடியே செய்தான், ஒரு தப்பும் செய்யவில்லை. அடுத்த முறை ஆன் செய்தபோது வந்தது இந்தத் திரை.

இன்று பலர் ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திய பிறகு, பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட மனமில்லாமல் லினக்ஸ் பக்கம் வந்தவர்களும் உண்டு. இவர்கள் என்றாவது ஒருநாள் இந்தக் கறுப்புத் திரையைப் பார்க்க நேரலாம். அதற்கு என்ன பொருள், அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று பார்ப்போம். கட்டளைகளை நான் போனில் சொன்ன மாதிரியே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

ஆன் செய்ததும் என்ன நடக்கிறது?

கல்லூரியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் "பூட் லோடர் என்றால் என்ன?" என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. நானும் இரண்டு வரி எழுதி மதிப்பெண் வாங்கினேன். உண்மையில் அது என்னவென்று புரிந்தது, சித்தியின் கணக்கு மாட்டிக்கொண்ட அந்த இரவில்தான்.

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் முதலில் விழிப்பது மதர்போர்டில் உள்ள பயாஸ். அதற்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. பைல், போல்டர் என்பதுகூடத் தெரியாது. பழைய வகைக் கம்ப்யூட்டரில் அது செய்வதெல்லாம் ஒன்றுதான்: ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டாரைப் படித்து மெமரியில் வைத்துவிட்டு, "இனி உன் பாடு" என்று ஒதுங்கிக்கொள்வது. அந்த செக்டாருக்கு மாஸ்டர் பூட் ரெக்கார்ட் என்று பெயர். மொத்தமே 512 பைட். அதில் 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்குப் போய்விடும். கடைசி 2 பைட் அடையாளக் குறி. மிச்சம் 446 பைட்டில்தான் புரோகிராம் எழுத வேண்டும். இந்தக் கட்டுரையின் ஒரு பத்திகூட அதற்குள் அடங்காது.

இவ்வளவு சின்ன இடத்தில் அழகான மெனுவும், லினக்ஸின் பைல் அமைப்பைப் படிக்கும் அறிவும் எப்படி அடங்கும்? அடங்காது. அதனால்தான் பூட் லோடரைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். லினக்ஸில் பெரும்பாலும் இருக்கும் பூட் லோடரின் பெயர் கிரப். கிராண்ட் யூனிஃபைட் பூட்லோடர் என்பதன் சுருக்கம் இது. 1995-ல் எரிக் போலின் என்பவர் தொடங்கியது. இப்போது நாம் பயன்படுத்துவது, பின்னர் புதிதாக எழுதப்பட்ட கிரப் 2.

கிரப்பின் முதல் துண்டு அந்த 446 பைட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதன் ஒரே வேலை, இரண்டாவது துண்டை எழுப்பிவிடுவது. இரண்டாவது துண்டு, முதல் செக்டாருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே உள்ள காலி இடத்தில் இருக்கிறது. பார்ட்டிஷன்களைப் படிக்கவும், லினக்ஸ் பைல்களைத் திறக்கவும் இதற்குத் தெரியும். ஆனால் மெனு இதனிடம் இல்லை. மெனுவும் மற்ற கருவிகளும் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள், பூட் என்ற போல்டரில் உள்ள கிரப் என்ற போல்டரில் இருக்கின்றன. அந்த போல்டர் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்ற முகவரியை, லினக்ஸ் நிறுவும்போதே இரண்டாவது துண்டுக்குள் எழுதி வைத்துவிடுவார்கள். அந்த முகவரிக்கு பிரிஃபிக்ஸ் என்று பெயர். நம் கதையின் வில்லன் இவர்தான்.

கதவு எண் மாறிப்போனது

சென்னையில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். இங்கே வீட்டு வாசலில் "பழைய எண் 14, புதிய எண் 27" என்று எழுதியிருப்பார்கள். வீடு நகரவில்லை, உள்ளே இருப்பவர்களும் மாறவில்லை, எண் மட்டும் மாறிவிட்டது. கூரியர்காரர் பழைய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வந்தால் தெரு முனையில் நின்று போன் செய்வார்.

சித்தியின் லேப்டாப்பில் நடந்தது அச்சு அசல் இதுதான். நான் கல்லூரிக் காலத்தில் ஒரு சீனியரிடம் பழையதாக வாங்கியது அது. ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி, பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டது. இந்த முறையில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்கள்தான் வைக்க முடியும். அதற்கு மேல் வேண்டுமென்றால், அந்த நான்கில் ஒன்றை எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனாக்கி, அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களைப் போட வேண்டும். லாஜிக்கல் பார்ட்டிஷன்களின் எண் எப்போதும் 5-ல் தொடங்கும். சித்தியின் லேப்டாப்பில் டி டிரைவ் 5, ஈ டிரைவ் 6, லினக்ஸ் 7.

இந்த எண்களை எங்கும் நிரந்தரமாக எழுதி வைப்பதில்லை. வரிசையில் நிற்பவர்களை எண்ணுவது போல, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எண்ணிக்கொள்வார்கள். நடுவில் நின்ற 6 போய்விட்டால் 7-ல் இருந்தவர் 6 ஆகிவிடுவார். தம்பி ஈ டிரைவை எடுத்ததும் லினக்ஸ் 7-லிருந்து 6-க்கு வந்துவிட்டது. கிரப்பிடம் இருந்த முகவரிச் சீட்டிலோ 7 என்றே இருந்தது. 7-ம் எண்ணைத் தேடியது, கிடைக்கவில்லை, தெரு முனையில் நின்றுவிட்டது.

திரையில் தம்பி படித்துக் காட்டியதும் இதைத்தான் சொன்னது. "எரர்: நோ சச் பார்ட்டிஷன். என்டரிங் ரெஸ்க்யூ மோட்." அதன் கீழே "கிரப் ரெஸ்க்யூ" என்ற பிராம்ப்ட்.

இந்த வரியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை என்கிறது. ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. பைல்கள் அழிந்துவிட்டன என்றும் சொல்லவில்லை. சொல்லப்போனால், இந்த வரி திரையில் வந்திருப்பதே ஹார்ட் டிஸ்க் வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. முதல் இரண்டு துண்டுகளும் அதிலிருந்துதானே வந்தன?

இதைத் தம்பியிடம் சொன்னபோது பின்னால் சித்தியின் குரல் கேட்டது. "கணக்கு இருக்கான்னு மட்டும் கேளுடா." அதனால் சரிசெய்வதற்கு முன் அதைத்தான் முதலில் பார்த்தோம்.

போனிலேயே ஒரு பழுதுபார்ப்பு

ரெஸ்க்யூ பிராம்ப்டில் உருப்படியாகத் தெரிந்த கட்டளைகள் நான்கே நான்குதான்: எல்எஸ், செட், அன்செட், இன்ஸ்மாட். வேறு எதைத் தட்டினாலும் "அன்னோன் கமாண்ட்" என்று சொல்லிவிடும். மவுஸ் கிடையாது. ஆனால் நமக்கு இந்த நான்கே போதும்.

முதலில் செட் என்று மட்டும் தட்டி என்டர் செய்யச் சொன்னேன். பிரிஃபிக்ஸ் என்ற வரியில் (ஹெச்டி0,எம்எஸ்டாஸ்7) என்று தொடங்கி, ஸ்லாஷ் பூட் ஸ்லாஷ் கிரப் என்று முடிந்தது. ஹெச்டி0 என்றால் முதல் ஹார்ட் டிஸ்க். கிரப் டிஸ்க்குகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும், பார்ட்டிஷன்களை ஒன்றிலிருந்து எண்ணும். ஏன் இப்படி என்று கேட்காதீர்கள், எனக்கும் எரிச்சல்தான். ஆக, பழைய முகவரி 7.

அடுத்து எல்எஸ். "அண்ணா, ஒன்னு, ரெண்டு, அஞ்சு, ஆறு இருக்கு. ஏழு இல்லை." சந்தேகம் உறுதியானது.

இப்போது ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்க வேண்டும். எல்எஸ், ஒரு இடைவெளி, பிராக்கெட்டுக்குள் ஹெச்டி0 கமா எம்எஸ்டாஸ்5, பிராக்கெட்டை மூடி ஒரு ஸ்லாஷ். பதில்: "அன்னோன் பைல்சிஸ்டம்." பயப்பட வேண்டாம். அது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன். இந்த நிலையில் கிரப்புக்கு அதைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். அடுத்து 6-ஐத் தட்டச் சொன்னேன்.

சரசரவென்று பெயர்கள் வந்தன. பின், பூட், டெவ், ஹோம் என்று அவன் படிக்கப் படிக்க எனக்கு மூச்சு வந்தது. லினக்ஸ் அங்கேதான் இருக்கிறது. அதே கட்டளையின் கடைசியில் ஹோம், சித்தியின் யூசர் பெயர், டாக்குமென்ட்ஸ் என்று ஸ்லாஷ் போட்டுச் சேர்த்துத் தட்டினோம். டாக்குமென்ட்ஸில் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வெவ்வேறு என்பதால் அது முக்கியம். பட்டியலில் கணக்கு பைலின் பெயர் இருந்தது.

"இருக்கும்மா" என்று தம்பி கத்தினான். மறுமுனையில் சித்தி எதுவும் பேசவில்லை. அப்புறம் டிவி சத்தம் குறைந்தது.

இனி புதிய கதவு எண்ணைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். செட் என்று தட்டி ஓர் இடைவெளி விட்டு, பிரிஃபிக்ஸ், ஈக்வல் டு, பிராக்கெட்டுக்குள் ஹெச்டி0 கமா எம்எஸ்டாஸ்6, பிறகு ஸ்லாஷ் பூட் ஸ்லாஷ் கிரப். இங்கே தம்பி ஒரு தடவை தடுக்கி விழுந்தான். ஈக்வல் டு குறிக்கு இருபுறமும் அழகாக இடைவெளி விட்டுவிட்டான். "நாட் அன் அசைன்மென்ட்" என்று எரர் வந்தது. அந்தக் குறியை ஒட்டி இடைவெளி வரவே கூடாது. மறுபடி சேர்த்துத் தட்டியதும் ஏற்றுக்கொண்டது.

அதே போல செட் ரூட் ஈக்வல் டு, பிராக்கெட்டுக்குள் ஹெச்டி0 கமா எம்எஸ்டாஸ்6. பிறகு இன்ஸ்மாட் நார்மல். அதாவது ஐ, என், எஸ், எம், ஓ, டி, இடைவெளி, நார்மல்.

"ஒன்னுமே சொல்லலைண்ணா."

"ஒன்னும் சொல்லலைன்னா நல்லதுடா. திட்டணும்னாத்தான் அது வாயைத் திறக்கும்."

கடைசியாக நார்மல் என்று மட்டும் தட்டி என்டர். வழக்கமான மெனு வந்தது. லினக்ஸைத் தேர்ந்தெடுத்ததும் உள்ளே போய்விட்டது.

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் கேட்கலாம். மெனுவுக்குள்ளும் பழைய எண் 7 எழுதியிருக்குமே, அது எப்படி வேலை செய்தது? மெனுவில் பார்ட்டிஷன் எண்ணோடு யுயுஐடி என்று ஒரு நீளமான எண்ணும் இருக்கிறது. பார்ட்டிஷனை உருவாக்கி பார்மட் செய்யும்போது அதற்கு வைக்கப்படும் அடையாளம் அது. கதவு எண் மாறினாலும் ஆதார் எண் மாறாதது போல, வரிசையில் இடம் மாறினாலும் இது மாறாது. மெனு அந்த எண்ணை வைத்துத் தேடிக் கண்டுபிடித்துக்கொள்கிறது. மறுபடி பார்மட் செய்தால் மட்டுமே இது மாறும்.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

நாம் செய்தது தற்காலிக ஏற்பாடு. மெமரியில் இருந்த முகவரியைத்தான் மாற்றினோம், டிஸ்க்கில் எழுதிய சீட்டு அப்படியேதான் இருக்கிறது. இப்படியே ஷட் டவுன் செய்தால் அடுத்த முறையும் அதே கறுப்புத் திரைதான் வரும்.

லினக்ஸுக்குள் போனதும் டெர்மினலைத் திறந்து, சூடோ கிரப்-இன்ஸ்டால் ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் எஸ்டிஏ என்று தட்ட வேண்டும். பாஸ்வேர்ட் கேட்கும், கொடுங்கள். இது பூட் லோடரின் முதல் இரண்டு துண்டுகளையும் சரியான முகவரியோடு மறுபடி எழுதும். கடைசியில் எஸ்டிஏ என்று நிறுத்துவது முக்கியம். எஸ்டிஏ என்பது முழு டிஸ்க், எஸ்டிஏ6 என்பது ஒரு பார்ட்டிஷன். பூட் லோடர் டிஸ்க்கின் தொடக்கத்தில் உட்கார வேண்டியது. எண்ணைச் சேர்த்துத் தட்டிவிட்டு "ஒன்றும் சரியாகவில்லையே" என்று தவித்தவர்கள் நிறையப் பேர். "இன்ஸ்டாலேஷன் ஃபினிஷ்ட். நோ எரர் ரிப்போர்ட்டட்" என்று வந்தால் முடிந்தது. பிறகு சூடோ அப்டேட்-கிரப். இது மெனுவைப் புதிதாக எழுதும்.

ஒருவேளை லினக்ஸ் பார்ட்டிஷனையே யாராவது அழித்துவிட்டிருந்தால் ரெஸ்க்யூ பிராம்ப்டில் எத்தனை கதவு தட்டினாலும் பூட் போல்டர் கிடைக்காது. அப்போதும் விண்டோஸ் பத்திரமாகவே இருக்கும், அதற்கு வழிகாட்ட ஆள் இல்லை என்பதுதான் சிக்கல். விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பூட்ரெக் ஸ்லாஷ் ஃபிக்ஸ்எம்பிஆர் என்று கொடுத்தால், பழைய எம்பிஆர் வகைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் நேரடியாக வந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் சில சமயம் "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் பார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று மிக மரியாதையாகக் கேட்கும். கேன்சலை அழுத்துங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எந்தப் பிரச்னையிலும் தகவல் தானாக அழிவதில்லை. மனிதர்கள் சரி என்று அழுத்தும் இடத்தில்தான் அழிகிறது.

மெனுவை எங்கே மாற்றுவது?

போன் பேசிக்கொண்டிருக்கும்போதே தம்பி இன்னொரு விண்ணப்பம் போட்டான். மெனுவில் விண்டோஸ் முதலில் வர வேண்டுமாம். கேம்ஸ் அங்கேதான் இருக்கிறது.

கிரப் மெனு, கிரப் டாட் சிஎஃப்ஜி என்ற பைலில் இருக்கிறது. அதைத் திறந்தால் முதல் வரிகளிலேயே "இந்த பைலைத் திருத்தாதே" என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். அடம்பிடித்துத் திருத்தினாலும், அடுத்த கெர்னல் அப்டேட் வரும்போது அது புதிதாக எழுதப்பட்டு நம் திருத்தம் காணாமல் போய்விடும். நாம் கை வைக்க வேண்டியது வேறு பைலில்: ஸ்லாஷ் இடிசி ஸ்லாஷ் டிஃபால்ட் ஸ்லாஷ் கிரப். திருத்தும் முன் அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோள் குறி ஒன்றை மூட மறந்தால்கூட அப்டேட்-கிரப் தகராறு செய்யும்.

அதில் கிரப்_டிஃபால்ட் என்ற வரியில் எந்த எண் இருக்கிறதோ, அந்த வரிசை தானாகத் தேர்வாகும். இதுவும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணப்படும். கிரப்_டைம்அவுட் என்பது எத்தனை வினாடி காத்திருக்க வேண்டும் என்பது. எண்ணுக்குப் பதிலாக சேவ்ட் என்று போட்டு, கிரப்_சேவ்டிஃபால்ட் ஈக்வல் டு ட்ரூ என்ற வரியையும் சேர்த்தால், கடைசியாக எதைத் தேர்ந்தெடுத்தோமோ அதுவே அடுத்த முறையும் வரும். இது நல்ல யோசனை என்று நினைத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே சித்தியிடமிருந்து புகார் வந்தது. இவன் விளையாடிவிட்டு எழுந்து போகிறான், அடுத்து அவர் உட்கார்ந்தால் விண்டோஸ் வந்து நிற்கிறது. பழையபடி பூஜ்யமாக்கி, காத்திருக்கும் நேரத்தை 10 வினாடி ஆக்கினேன். விளையாடுபவன் அம்புக்குறியை அழுத்தட்டும்.

எதை மாற்றினாலும் சேமித்தபின் சூடோ அப்டேட்-கிரப் கொடுக்க மறக்காதீர்கள். கொடுத்தபின் மெனுவில் விண்டோஸையே காணவில்லை என்றால் அதற்கும் காரணம் உண்டு. 2021-ல் வெளிவந்த கிரப் 2.06 முதல், டிஸ்க்கில் வேறு ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்கிறதா என்று தேடும் வேலையைப் பாதுகாப்பு கருதி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதே பைலில் கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_புரோபர் ஈக்வல் டு ஃபால்ஸ் என்ற வரியைச் சேர்த்து, மறுபடி அப்டேட்-கிரப் கொடுத்தால் விண்டோஸ் மெனுவுக்குத் திரும்பிவிடும்.

புதிய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு

நீங்கள் சமீபத்தில் வாங்கிய கம்ப்யூட்டராக இருந்தால் அது பெரும்பாலும் யுஇஎஃப்ஐ வகை. விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டினால் வரும் பட்டியலில் பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். லெகசி என்றிருந்தால் மேலே சொன்ன பழைய முறை. யுஇஎஃப்ஐ என்றிருந்தால் கதை கொஞ்சம் வேறு.

இதில் 446 பைட் தொல்லை இல்லை. டிஸ்க்கில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று சின்னதாக ஒன்று இருக்கும். விண்டோஸின் பூட் லோடர், லினக்ஸின் கிரப் இரண்டும் அதில் தனித்தனி போல்டர்களில் சாதாரண பைல்களாக இருக்கும். மதர்போர்டு அவற்றை நேரடியாகப் படிக்கும், யாரை முதலில் கூப்பிடுவது என்ற வரிசையையும் தானே நினைவில் வைத்துக்கொள்ளும். பார்ட்டிஷன்கள் ஜிபிடி முறையில் இருப்பதால் நடுவில் ஒன்றை அழித்தாலும் மற்றவற்றின் எண் மாறாது. எனவே சித்தி வீட்டில் வந்த அதே நோய் உங்களுக்கு வர வாய்ப்பு குறைவு. வேறு காரணத்தால் ரெஸ்க்யூ பிராம்ப்ட் வந்தால் எம்எஸ்டாஸ் என்பதற்குப் பதில் ஜிபிடி என்று இருக்கும்.

இங்கே அதிகம் வரும் தொல்லை, லினக்ஸ் மெனுவே வராமல் நேராக விண்டோஸ் வந்துவிடுவது. ஒரு பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகோ, பயாஸ் செட்டிங்கை ரீசெட் செய்த பிறகோ வரிசை மாறிவிடும். கிரப் அழிந்திருக்காது, பின்னால் தள்ளப்பட்டிருக்கும். ஆன் செய்தவுடன் பூட் மெனு கீயைத் தட்டுங்கள். டெல், லெனோவாவில் எஃப்12. ஹெச்பியில் எஃப்9. ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். பட்டியலில் உபுண்டு போல உங்கள் லினக்ஸின் பெயர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம். பிறகு பயாஸ் செட்டிங்கில் அதை முதலிடத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம் வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் வராமல் "எஸ்பிஏடி" என்ற சொல்லோடு ஓர் எரர் வந்தது. பழைய லினக்ஸ் பூட் லோடர்களை செக்யூர் பூட் நம்ப மறுத்ததுதான் காரணம். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் போய் எல்லா அப்டேட்டுகளையும் போட்டு, பிறகு செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்குவது பலருக்குக் கைகொடுத்தது. ஆனால் செக்யூர் பூட்டில் கை வைக்கும் முன் விண்டோஸில் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதன் ரெக்கவரி கீ கையில் இல்லாமல் தொடாதீர்கள். கேட்கும்போது கீ இல்லையென்றால் அப்போது நிஜமாகவே உங்கள் பைல்கள் உங்களுக்குக் கிடைக்காது.

எங்கே நின்றது என்று பாருங்கள்

கிரப்புக்கு முன் லினக்ஸில் லிலோ என்ற பூட் லோடர் பிரபலமாக இருந்தது. 2015-ல் அதன் உருவாக்கத்தை நிறுத்திவிட்டார்கள். அது வேலையில் ஒவ்வொரு படி தாண்டும்போதும் தன் பெயரில் ஓர் எழுத்தைத் திரையில் போடும். எல், ஐ என்று இரண்டு எழுத்தோடு நின்றுவிட்டால் எந்தப் படியில் தடுக்கியது என்று தெரிந்துவிடும். எனக்கு அது மிகவும் பிடித்த யோசனை. கிரப் அப்படி எழுத்துப் போடுவதில்லை என்றாலும், திரை நிற்கும் விதத்திலிருந்தே அதே தகவலை நாம் எடுக்கலாம்.

பூட் டிவைஸ் எதுவும் இல்லை என்று வந்தால் கிரப் இன்னும் எழவே இல்லை. பயாஸ் வரிசை, டிஸ்க் கேபிள், அல்லது டிஸ்க்கையே சந்தேகப்பட வேண்டும். சொருகி மறந்த பென் டிரைவால்கூட இது வரும், முதலில் அதைப் பிடுங்கிப் பாருங்கள். கிரப் ரெஸ்க்யூ என்று வந்தால் இரண்டாவது துண்டு வரை வந்துவிட்டது, மூன்றாவதைக் காணவில்லை. ரெஸ்க்யூ என்ற சொல் இல்லாமல் வெறும் கிரப் என்று மட்டும் பிராம்ப்ட் வந்தால் இன்னும் நல்ல செய்தி. எல்லாத் துண்டுகளும் வந்துவிட்டன, மெனு பைலை மட்டும்தான் காணோம். அங்கே கான்ஃபிக்பைல் என்று தட்டி, கிரப் டாட் சிஎஃப்ஜி இருக்கும் முழு முகவரியைக் கொடுத்தால் மெனு திறக்கும். மெனு வந்த பிறகு லினக்ஸ் பாதியில் நின்றால் அதில் கிரப்பைக் குறை சொல்லக் கூடாது. மெனுவில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் போய் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

சித்தி வீட்டில் எல்லாம் முடிந்தபோது மணி பதினொன்றரை. கணக்கு பைலை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, அந்தப் பென் டிரைவை அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் சாவிக்கொத்தோடு மாட்டி வைத்தார்கள். திங்கட்கிழமை சித்தி பிரிண்ட் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். அன்று மாலை போன் செய்தபோது லேப்டாப்பைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. ஒரு பெண்ணுடைய வட்டிக் கணக்கில் நாற்பது ரூபாய் இடிக்கிறது, அதற்கு லிப்ரே ஆபீஸில் என்ன ஃபார்முலா போட வேண்டும் என்று கேட்டார்.